காட்டும் கருவியும் கேட்கும் கருவியும்



பள்ளிகளில் கற்பித்தலும் கற்றலும் மேம்படத் தொழில்நுட்பம் எப்படி உதவும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். கணக்கு வாத்தியாராக வகுப்பில் நின்று, பிறகு ஆசிரியர் பயிற்சியில் காலம் கழித்தவன் நான். ஆகவே ஒரு கழித்தல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 403-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். விடை 225.

ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பைப் பார்வையிடப் போயிருந்தேன். சுவரில் ஸ்மார்ட் போர்டு. கடன் வாங்கிக் கழிப்பதை விளக்கும் கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பத்துக் கட்டு அவிழ்ந்து, குச்சிகள் தனித்தனியாகத் துள்ளி ஒன்றுகளின் வீட்டுக்குள் ஓடின. பிள்ளைகள் வாய் கொள்ளாமல் சிரித்தார்கள். படம் முடிந்ததும் ஆசிரியை இந்தக் கணக்கைக் கொடுத்தார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தயங்கவே இல்லை. மளமளவென்று எழுதி நீட்டினாள். விடை 375.

ஆசிரியை தவறு என்று சுழிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே கண்ணு, சொல்லு பாப்போம்" என்றார். "எட்டுல மூணு போனா அஞ்சு. ஏழுல ஒண்ணுமே போகலை, அதனால ஏழு. நாலுல ஒண்ணு போனா மூணு, டீச்சர்" என்றாள் அவள். குரலில் துளியும் சந்தேகம் இல்லை.

இந்தச் சிறுமிக்குக் கணக்கு தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? அவள் ஒரு விதியை வைத்திருக்கிறாள். மேலே இருக்கிறதோ கீழே இருக்கிறதோ, பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுவாள். அந்த விதியைக் கொடுத்தவர்களும் நாம்தாம். "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது" என்று முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். அவள் அதை நம்பிக் கடைப்பிடிக்கிறாள். அவள் மனத்தில் இருந்த இந்த விதியை அந்தக் கார்ட்டூன் படம் தொடவே இல்லை. ஆசிரியையின் ஒரு கேள்வி அதை வெளியே கொண்டுவந்தது.

நம் பள்ளிகளுக்கு இதுவரை வந்து சேர்ந்த கருவிகளில் பெரும்பாலானவை காட்டும் கருவிகள். குழந்தை என்ன நினைத்து இந்த விடையை எழுதியது என்று கேட்டு, அதை ஆசிரியருக்குச் சொல்லும் கருவிகள் மிகக் குறைவு. நம் பணமும் உழைப்பும் இனிமேல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வலியுறுத்தவே வந்திருக்கிறேன்.

அந்தச் சிறுமி செய்த தவறு உலகம் முழுவதும் உள்ள பிள்ளைகள் செய்வது. அதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர்கள் அமெரிக்காவின் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும். 1978-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளைக் கணிப்பொறியைக் கொண்டு வகைப்படுத்தியது. பிள்ளைகள் கவனக் குறைவால் கண்டபடி தவறு செய்கிறார்கள் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. தவறும் பிள்ளைகளில் பலர் ஒரு தவறான முறையை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். மேலே பூச்சியம் வந்தால் ஒரு பிள்ளை ஒரு வழியில் தவறும், இன்னொரு பிள்ளை வேறு வழியில் தவறும். முறை தெரிந்துவிட்டால் அந்தக் குழந்தை அடுத்த கணக்குக்கு என்ன தவறான விடை தரும் என்பதைக்கூட முன்னதாகச் சொல்லிவிடலாம்.

அவர்கள் எழுதிய நிரலுக்கு 'பக்கி' என்று பெயர். அதை அவர்கள் ஆசிரியர் பயிற்சிக்கும் பயன்படுத்தினார்கள். கணிப்பொறி ஒரு தவறான முறையைப் பிடித்துக்கொண்ட குழந்தையாக நடிக்கும். பயிற்சி ஆசிரியர் எதிரே உட்கார்ந்து அதற்குக் கணக்குகள் கொடுப்பார். அது தவறான விடைகளைத் தரும். எந்த முறையில் தவறுகிறது என்பதை ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால், "அப்படியானால் இந்த ஐந்து கணக்குக்கும் அந்தக் குழந்தை எழுதியிருக்கும் தவறான விடைகளை நீங்களே எழுதுங்கள்" என்று கேட்கும். கற்பித்தலில் கணிப்பொறியின் பயனைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட அறிவார்ந்த ஒன்றைக் கண்டதில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. நான் அறிந்தவரை இன்றைக்கும் நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இப்படி ஒரு பயிற்சி இல்லை. ஸ்லைடு தயாரிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளையின் தவறைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்த ஆய்வுக்குக் கிடைத்த விடைத்தாள்கள் 1,300-க்கும் மேற்பட்ட நிகராகுவா நாட்டுப் பிள்ளைகளுடையவை. அந்த ஏழை நாட்டில் 1970-களின் நடுவில் வானொலி வழியே தொடக்கப் பள்ளிக் கணக்கு கற்பிக்கும் திட்டம் ஒன்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் நடத்தினார்கள். வானொலி என்றால் ஒருவர் பேச மற்றவர் கேட்பது என்றுதானே நினைப்போம்? அங்கே அப்படி நடக்கவில்லை. வானொலிக் குரல் ஒரு கேள்வி கேட்கும், உடனே நிறுத்தும். அந்த இடைவெளியில் பிள்ளைகள் உரக்க விடை சொல்ல வேண்டும், அல்லது தாளில் எழுத வேண்டும். பிறகு குரல் சரியான விடையைச் சொல்லி அடுத்ததற்குப் போகும். பாடம் நெடுகிலும் இப்படித்தான். ஒலிபரப்பு முடிந்ததும் வகுப்பு ஆசிரியர் கையில் எடுத்துக்கொள்வார். வானொலிப் பெட்டிக்குக் காது கிடையாது. ஆனாலும் பாடத்தை அமைத்தவர்கள் குழந்தை பேசுவதற்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த மௌன வினாடிகளில்தான் கற்றல் நடந்தது. விலை உயர்ந்த கருவிதான் நல்ல கருவி என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விலை மலிவான கருவி என்றதும் நம் சென்னை நினைவுக்கு வருகிறது. 1789-இல் எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஏற்றார். ஒருநாள் குதிரையில் போகும்போது, ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் விடுதியில் அதைச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டுக் மிகக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான். பிறகு பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு விடுதி முழுவதும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. 1797-இல் பெல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பெரிய அளவில் பரவியது.

அந்த முறையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. மலிவாக ஆயிரம் பேரைப் படிக்கவைக்கலாம் என்ற ஆசையில் அது பின்னாளில் வெறும் ஒப்புவித்தலாகத் தேய்ந்ததும் உண்மை. மணலின் பயன் என்ன என்பதையே பார்க்கச் சொல்கிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதி அழிக்கலாம். தவறு செய்யச் செலவில்லை. எழுதியது அந்தக் கணமே பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும், திருத்தம் உடனே கிடைக்கும். இந்த மூன்றையும் இன்று ஒரு நல்ல கற்றல் மென்பொருள் தரும்போது நாம் புதுமை என்கிறோம்.

இனி நம் நாட்டில் நடந்த ஆய்வுகளுக்கு வருகிறேன். குஜராத்தின் வதோதராவில் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மாநில அரசு பள்ளிக்கு நான்கு வீதம் கணிப்பொறிகள் கொடுத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை பாடத்துக்குப் பயன்படாமல் சும்மா கிடந்தன. 2002 முதல் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டுகளைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கணிப்பொறிக்கு இரண்டு பிள்ளைகள். விடை சரியா தவறா என்பதைப் பொறுத்து அடுத்த கணக்கின் கடினம் மாறும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட குழு இதை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டது. கணக்கில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதே அறை, அதே நான்கு பெட்டிகள்தான். உள்ளே என்ன ஓடியது, யார் முன்னால் உட்கார்ந்தார்கள் என்பதே வேறுபாடு.

அதே குஜராத்தில் லே லிண்டன் என்ற பொருளியலாளர் நடத்திய இன்னோர் ஆய்வு நம் அதிகாரிகள் அனைவரும் மனத்தில் பதிக்க வேண்டியது. ஒரே கணிப்பொறித் திட்டத்தை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தொகுதிப் பள்ளிகளில் ஆசிரியர் நடத்தும் வகுப்பு நேரத்திலிருந்து எடுத்துக் கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள். மற்றொரு தொகுதியில் பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆசிரியரின் நேரத்தைப் பிடுங்கிய இடத்தில் பிள்ளைகளின் கற்றல் 0.57 திட்டவிலக்கம் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு) சரிந்தது. கூடுதலாகக் கொடுத்த இடத்தில் 0.28 உயர்ந்தது, அதிலும் பின்தங்கிய பிள்ளைகளே அதிகம் பயன் பெற்றார்கள். மென்பொருளில் எந்த மாற்றமும் இல்லை. ஆசிரியரின் இடத்தில் வைத்தபோது கெடுத்தது, ஆசிரியருக்குத் துணையாக வைத்தபோது வளர்த்தது.

வெறும் பெட்டிகளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற உலகத் திட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அந்த நாடு வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் செய்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. மொழியிலும் கணக்கிலும் முன்னேற்றம் தென்படவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கானிமியன் ஆகிய மூவர் 2015-இல் செய்த ஆய்வு இன்னொரு செய்தியைச் சொன்னது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஆறாம் வகுப்பில் சராசரி மாணவர் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்திருந்தது. ஒரே வகுப்பறையில் மூன்றாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவரும் ஏழாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் பாடநூலின் பக்கத்தை நடத்துகிறார். பாதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் எட்டவே எட்டாது. மாலை நேர மையங்களில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டு, அங்கிருந்து பாடம் கொடுத்தது. கூடவே ஒரு பயிற்றுநர் சிறு குழுக்களாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். கேட்கும் கருவி என்று நான் சொல்வது இத்தகையதை.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். கருவிகளுக்கு இங்கே குறைவில்லை. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. ஏறத்தாழ 80,000 ஆசிரியர்களுக்கு டேப்லெட் தரப்பட்டது. இவை அரசு மனமுவந்து செய்தவை. ஏழைப் பிள்ளையின் கையில் முதல் கணிப்பொறியை வைத்தது அரசுதான். அதன் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் கொரோனா காலம் இந்தக் கருவிகளையெல்லாம் ஒரு பரீட்சைக்கு உட்படுத்தியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. வீட்டில் இருந்த ஒரே செல்போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பியது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் 2021 டிசம்பரில் கண்டது பெரும் இழப்பு. பெருந்தொற்றுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணக்கில் 0.7 திட்டவிலக்கமும் தமிழில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் இழப்பு இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். வீட்டில் தமிழைக் கேட்கவும் பேசவும் ஆள் இருந்தார்கள். கழித்தல் கணக்கைப் பார்த்து "எப்படிப் போட்டே கண்ணு" என்று கேட்க ஆள் இல்லை. இது என் விளக்கம், ஆய்வாளர்கள் சொன்னதன்று.

பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே வாழும் படித்த பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. எதிரே ஒரு முகம் இருந்தது. மீண்டும் திண்ணைக்கே வந்து சேர்ந்தோம் என்பது எனக்கு மிகுந்த மனநிறைவு தரும் செய்தி.

அந்தத் திட்டத்துக்குள்ளேயே நான் விரும்பும் தொழில்நுட்பமும் நுழைந்தது. 2022 ஜூனில் பன்னிரண்டு நாள் வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். கூகுளின் 'ரீட் அலாங்' செயலியில் ஒரு தமிழ்க் கதை திரையில் வரும். குழந்தை வாய்விட்டுப் படிக்கும். செயலி கேட்டுக்கொண்டே வரும், தடுக்கிய சொல்லில் உதவும். எத்தனை பிள்ளைகள் வாய்விட்டுப் படித்தார்கள் என்பதில் இல்லை என் மகிழ்ச்சி. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை தனியாக வாய்விட்டுப் படிக்க ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். இங்கே ஒரு காது அதற்காகவே காத்திருக்கிறது.

அந்தக் காது தமிழ்க் காதாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை. 'பழம்' என்ற சொல்லை ஒரு மதுரைப் பிள்ளை 'பளம்' என்றும் ஒரு சென்னைப் பிள்ளை 'பயம்' என்றும் படித்தால் அது வாசிப்புத் தவறா, ஊர்ப் பேச்சா? எழுத்தை அடையாளம் கண்டு, பொருள் புரிந்து, தன் வாய்ப் பழக்கத்தில் சொன்ன குழந்தையைத் தவறு என்று சொல்லிவிட்டால் அது படிப்பையே வெறுக்கும். இதை வகுப்பு ஆசிரியர் ஒரு நொடியில் பிரித்தறிவார். இயந்திரத்துக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதே போலக் கொம்பு எழுத்துகள். 'கெ' என்ற எழுத்தில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்' என்ற ஒலியை. 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால். தமிழ்க் குழந்தை தடுமாறும் இடம் இது.

எண்களிலும் இப்படித்தான். 'நூற்று இருபத்தைந்து' என்று சொன்னால் காதில் விழுந்தபடி 10025 என்று எழுதும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பீர்கள். தொண்ணூற்றில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் வகுப்பில் பிள்ளைகள் குழம்புவதை நான் கண்டிருக்கிறேன். ஆங்கிலப் பிள்ளைகளுக்காக எழுதிய மென்பொருளைத் தமிழில் மாற்றிக் கொண்டுவருபவர்களுக்கு இந்தக் குழப்பம் இருப்பதே தெரியாது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஏன் இன்னும் பேசவில்லை என்று மாணவ நண்பர்கள் நினைக்கலாம். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த கணக்கு ஆய்வு ஒன்று போதும். ஒரு குழுவுக்குச் சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவியை அப்படியே கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் அவர்கள் 48 விழுக்காடு முன்னேறினார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத பிள்ளைகளைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கினார்கள். இன்னொரு குழுவுக்கு விடையை நேரே சொல்லாமல், ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்த குறிப்புகளின்படி படிப்படியாகத் துப்புக் கொடுக்கும் கருவி தந்தார்கள். அங்கே அந்தக் கேடு பெரும்பாலும் இல்லை. அந்தக் குறிப்புகளில் இருந்தது என்ன தெரியுமா? இந்தக் கணக்கில் மாணவர்கள் வழக்கமாக எங்கே தவறுவார்கள் என்ற ஆசிரியர்களின் அனுபவம். 1978-இல் பிரவுனும் பர்ட்டனும் தேடிய அதே பொருள். ஆகவே செயற்கை நுண்ணறிவு வந்ததால் ஆசிரியரின் அறிவு தேவையற்றதாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கருவி கேட்டுச் சொன்னாலும் ஆசிரியருக்குச் செயல்பட நேரம் வேண்டுமே. இந்த இடத்தில் மனம் வருந்திப் பேசுகிறேன். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைத்து, அவரவர் படியிலிருந்து கற்பிக்கச் சொல்கிறது. டெல்லி ஆய்வு சொன்ன அதே கொள்கை. கொள்கையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவது, எமிஸ் என்ற கல்வி மேலாண்மைத் தளத்தில் வருகை ஏற்றுவது, சத்துணவு, நலத்திட்டப் பொருள்கள், புகைப்படம் என்று ஆசிரியரின் காலை நேரம் செல்போனில் கரைகிறது. ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லிவருகின்றன. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் சர்வர் கிடைக்காமல் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தால் இரண்டு வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். குஜராத் ஆய்வு சொன்ன சரிவு இப்படித்தான் நேர்கிறது. ஏற்றிய தரவு மேலே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. "உன் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் பூச்சியம் வந்தால் தவறுகிறார்கள், நாளைக்கு இதிலிருந்து தொடங்கு" என்று ஆசிரியருக்குத் திரும்பி வருவதில்லை.

எனவே பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஆசிரியர் ஏற்றும் ஒவ்வொரு தரவுக்கும், அது எந்தப் பிள்ளையின் பாடத்தை எப்படி மாற்றப்போகிறது என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். விடை இல்லாத பதிவை நீக்குங்கள், அல்லது அதற்கென்று தனி ஆள் போடுங்கள். அடுத்து, கருவி வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், இது வகுப்பு நேரத்தை எடுத்துக்கொள்ளுமா கூட்டிக்கொடுக்குமா என்பதைப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டு முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் கல்வியியல் மாணவர்களிடமும் பணியில் இருக்கும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். பிள்ளை எழுதிய தவறான விடையையும், "எப்படிப் போட்டே" என்று கேட்டபோது அது சொன்ன பதிலையும், அது சொன்ன பேச்சுத் தமிழிலேயே, பெயர் போடாமல் எழுதுங்கள். கழித்தல், பின்னம், கொம்பு, லகர ளகர ழகரம், எல்லாவற்றையும் எழுதுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்படி எழுதியவற்றை ஓரிடத்தில் தொகுத்தால், தமிழ்க் குழந்தைகளின் தவறுகளுக்கு ஓர் அகராதி கிடைக்கும். நம் பிள்ளைகளைக் கேட்கத் தெரிந்த மென்பொருளை எழுத வேண்டுமானால் முதலில் அந்த அகராதி வேண்டும். எந்த நிறுவனமும் அதை நமக்குச் செய்து தராது. ஆசிரியர்களால் மட்டுமே முடியும். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.